ஆத்துல போட்டாலும் அளந்து போடு

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஊட்டியில காலேஜ் பசங்க சேர்ந்து ஜெபிக்கற கிறிஸ்தவ ஃபெல்லோஷிப்புக்குப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. தலைப்பு என்னன்னு கேட்டா, "கொடுக்கறதப் பத்திப் பேசுங்கக்கா, நீங்கதான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கீங்களே"ன்னு சொன்னாங்க. ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கறவ அடுத்தவங்க கணக்கத்தான் ஒழுங்கா பார்ப்பா, சொந்தக் கணக்கு மாசக் கடைசியில எப்பவும் இழுபறிதான், இதையெல்லாம் போன்ல விளக்கிட்டு இருக்க முடியுமா, சரி வர்றேன்னுட்டேன்.

இருவத்தஞ்சு பேர் இருந்திருப்பாங்க. வெளிய மிஸ்ட் இறங்கி எதிர்ல இருக்கற கட்டடமே தெரியல, எல்லாரும் ஜெர்கின் ஜிப்ப கழுத்து வரைக்கும் ஏத்திட்டு கைய உள்ள விட்டு உக்காந்திருந்தாங்க. நான் வசனத்துல ஆரம்பிக்காம, "ஜிபேயத் திறந்து கடைசி முப்பது நாள் எங்க போச்சுன்னு பாருங்க, யாருக்கும் காட்ட வேணாம், நீங்க மட்டும் பாருங்க"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் பின்னாடி இருந்து ஒரு தம்பி தானாவே, "அக்கா, டீக்கும் வர்க்கிக்கும் மட்டும் எழுநூத்தி நாப்பது"ன்னான், எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ஊட்டிக் குளிருக்கு டீயும் வர்க்கியும் பாவக் கணக்குல வராது, அதையும் அங்கயே சொல்லிட்டேன்.

கூட்டம் முடிஞ்சு எல்லாரும் கெளம்பற நேரத்துல ஒரு தங்கச்சி கிட்ட வந்தா. கூடலூர் பக்கம், ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறா. "அக்கா, எனக்குப் புதுமைப்பெண் காசு மாசம் ஆயிரம் அக்கவுண்ட்ல வருது. அதுக்கும் தசமபாகம் கொடுக்கணுமா?"ன்னு கேட்டா. வர்றதுல பத்துல ஒரு பங்க தேவனுக்குன்னு கொடுக்கறதத்தான் தசமபாகம்னு சொல்லுவோம். நான் பைபிள்ல வர்ற, ரெண்டே காசு இருந்தும் அதக் காணிக்கை போட்ட விதவைய பத்தி ஏதோ சொல்லி, "உன் மனசுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யும்மா"ன்னு முடிச்சுட்டேன். எனக்குக் கோத்தகிரி பஸ்ஸப் பிடிக்கணும், கடைசி பஸ் போயிடுமோன்னு பயம். பஸ்ல தொட்டபெட்டா ஏறி இறங்கற வரைக்கும் அந்தப் பொண்ணு முகம்தான். அவ கேட்டது தெளிவான கேள்வி, நான் சொன்னது வழவழ பதில். அதனாலதான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க அப்பாயி சிலோன்ல இருந்து வந்தவங்க. அட்டன் பக்கத்துல ஒரு தோட்டத்துல பொறந்து அங்கயே கொழுந்து எடுத்து, 1964-ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல இந்தியாவுக்குன்னு எழுதப்பட்டு, எழுபதுகள்ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் கேம்ப்ல கொஞ்ச நாள் கிடந்து, அப்புறம் நீலகிரிக்கு டேன்டீங்கற அரசாங்கத் தேயிலைத் தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்டவங்க. அவங்க கூடக் கொண்டு வந்த சாமான்ல ஒரு பழைய பால்மா டின் இருந்துச்சு. லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளிங்க இருக்கற வரிசை வீட்டுல, எங்க அடுப்புக்குப் பக்கத்துல அது எப்பவும் இருக்கும். உலை வைக்க அரிசி அளந்து முறத்துல போட்டதும், அதுல இருந்து ஒரு பிடி அள்ளி அந்த டின்னுல போடுவாங்க. சனிக்கிழமை டின்ன கவுத்து ஒரு துணியில கட்டி, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகும், இல்லன்னா லயத்துலயே படுத்துக் கிடக்கற யார் வீட்டுக்காவது போகும்.

பிடி அரிசிக் காணிக்கை நம்ம ஊர்ல பல சபைகள்ல இருந்த பழக்கம்தான். மிசோரம்ல கிறிஸ்தவப் பெண்கள் 1910-ல இருந்து ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் ஒரு பிடி எடுத்து வச்சு, அதுலயே மிஷனெரிங்கள அனுப்பற அளவுக்குச் சபைய வளர்த்தாங்க. ஆனா அப்பாயிகிட்ட நான் கவனிச்ச ஒரு விஷயத்த வேற யாரும் சொல்லிக் கேட்டதில்ல. அந்த ஒரு பிடி எங்க பங்குல இருந்து போகல. சோறு பரிமாறறப்போ எங்களுக்கு எப்பவும் போலத்தான் விழும், அவங்க தட்டுலதான் கொறையும். ஒரு தடவ நான் கூட ரெண்டு பிடி அள்ளிப் போட்டுட்டேன், ஏழெட்டு வயசு இருக்கும், பெரிய புண்ணியம் செஞ்ச நினைப்பு. அப்பாயி ஒரு பிடிய திருப்பி எடுத்து முறத்துல போட்டுட்டு, "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் பாப்பா, அது உங்கம்மா சோறு"ன்னாங்க.

அது எனக்கு அப்போ புரியல. காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறப்போவும் புரிஞ்சிருக்கல, அதான் பிரச்சனை.

2009. நான் ஊட்டியில பி.காம். படிச்சுட்டு இருந்தேன், ஸ்டோன் ஹவுஸ் இருக்கற அந்தக் காலேஜ்தான். அம்மா எஸ்டேட்ல, ஒரு நாள் கூலி நூறு ரூபாய் பக்கம். அப்பா இல்ல. அந்த வருஷம் நான் ரொம்பத் தீவிரமா ஜெபிக்க ஆரம்பிச்சிருந்தேன், உண்மையாவே, அதுல குறை சொல்ல எதுவும் இல்ல. அப்படி இருக்கறப்போ ஒரு கன்வென்ஷனுக்கு, சில நாள் நடக்கற பெரிய ஜெபக் கூட்டத்துக்கு, போனோம், எங்கன்னு சொல்ல மாட்டேன், யார் பேசினதுன்னும் சொல்ல மாட்டேன். மூணாவது நாள் ராத்திரி அவர், "உன் கையில இப்போ இருக்கறதுதான் உன் விதை, இன்னைக்கு விதைக்காதவன் நாளைக்கு அறுக்க மாட்டான், இந்த ராத்திரி உன்னோட ராத்திரி"ன்னு சொல்லச் சொல்ல கீபோர்டு வேற பின்னாடி ஏறிட்டே போகுது. என் பேக்ல எக்ஸாம் ஃபீஸ் அறுநூத்தி அம்பது ரூபாய் இருந்துச்சு. போட்டுட்டேன். போட்டப்போ அழுதேன், சந்தோஷத்துல. ஒரு வாரத்துக்குள்ள எங்க இருந்தாவது வந்துடும்னு அவ்வளவு உறுதி.

வரல. ஃபீஸ் கட்டற கடைசி நாள் வந்துச்சு, காசு வரல. அம்மாகிட்ட தொலைச்சுட்டேன்னு பொய் சொன்னேன். அம்மா திட்டக்கூட இல்ல, அதுதான் இன்னும் நெஞ்சுல நிக்குது. மறுநாள் கோத்தகிரி பஜாருக்குப் போயி கம்மல அடகு வச்சு காசு கொண்டு வந்து கொடுத்தாங்க. காது ஓட்டை தூந்துடாம இருக்க ஈர்க்குச்சி ஒடிச்சு சொருகிக்கிட்டு ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்து எனக்குப் பக்கத்துல உக்காந்தாங்க. அந்தக் கம்மல் மீளவே இல்ல, வட்டி கட்ட முடியாம மூழ்கிப் போச்சு.

கொர்பான் பத்தி மாற்கு ஏழுல வர்ற பகுதிய அதுக்கப்புறம்தான் நான் கண் திறந்து படிச்சேன். அப்பா அம்மாவுக்குப் போக வேண்டியத "இது தேவனுக்குக் காணிக்கை"ன்னு சொல்லி ஒதுக்கி வச்சுட்டா கடமை தீந்துச்சுன்னு நினைச்சவங்கள இயேசு எப்படித் திட்டறார்னு பாருங்க. நான் செஞ்சது கிட்டத்தட்ட அதேதான். அந்த அறுநூத்தி அம்பது என் காசே இல்ல. அம்மா ஆறு ஏழு நாள் முதுகுல கூடைய மாட்டிட்டு மழையில நின்னு எடுத்த கொழுந்து அது. நாலு கிலோவுக்கு மேல பச்சத் தேயிலை போட்டாத்தான் ஒரு கிலோ டீத்தூள் வரும், அந்தக் கணக்குல பார்த்தா நான் எவ்வளவு கொழுந்த அந்தப் பையில போட்டேன்னு எங்கயாவது உக்காந்து கணக்குப் போடலாம், நான் போட்டிருக்கேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இது நடந்து சில வாரத்துலயே, அதே 2009 நவம்பர்ல, மலை சரிஞ்சுச்சு. நீலகிரிக்காரங்க யாருக்கும் அத விளக்க வேண்டியதில்ல. கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை. நாப்பது பேருக்கும் மேல மண்ணுக்குள்ள போயிட்டாங்க, ரோடு இல்ல, ரயில் இல்ல, காலேஜ் இல்ல. எங்க ஃபெல்லோஷிப்ல இருந்த பசங்க ஸ்வெட்டர், கம்பளி, காசுன்னு எதக் கொடுக்க முடியுமோ அதச் சேர்த்தோம். என்கிட்ட காசு சுத்தமா இல்ல. ஸ்வெட்டர் ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு கிறிஸ்மஸ்க்கு வாங்கின நீலம், ஒண்ணு பழசு, மரூன், நடுவுல ஒரு பட்டன் கிடையாது. பழசத்தான் கொடுத்தேன். ஒரு வாரம் கழிச்சு ஒரு ஸ்கூல்ல தங்க வச்சிருந்தவங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போனப்போ ஒரு பாட்டி அத போட்டுட்டு உக்காந்திருந்தாங்க, பட்டன் இல்லாத எடத்துல ஊக்கு குத்தி. நான் நீல ஸ்வெட்டர்ல நின்னுட்டு இருந்தேன். சாம்பார் வாளி கையில.

கன்வென்ஷன்ல அறுநூத்தி அம்பது போட்டப்போ எனக்கு ஒண்ணுமே வலிக்கல, ஏன்னா அது அம்மாவோடது. ஸ்வெட்டர் என்னோடது, அதுல நல்லத எடுத்துக் கொடுக்க என்னால முடியல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தப்போதான், நான் தாராளமானவன்னு என்னப் பத்தி வச்சிருந்த நினைப்பு கழண்டு விழுந்துச்சு.

சரி, இப்போ அந்தத் தங்கச்சி கேள்விக்கு வர்றேன். ஆயிரம் ரூபாய்க்குத் தசமபாகம் உண்டா இல்லையா.

மல்கியா மூணு பத்த நம்ம சபைகள்ல எல்லாரும் மனப்பாடமா சொல்லுவாங்க, பண்டசாலைக்குக் கொண்டு வாங்கன்னு. ஆனா உபாகமம் பதினாலக் கடைசியா யார் பிரசங்கத்துல கேட்டீங்க? மூணு வருஷத்துக்கு ஒருக்கா அந்தத் தசமபாகத்த ஊருக்குள்ளயே வச்சு லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியா சாப்பிடணும்னு இருக்கு. அதாவது ஆலயத்துக்குன்னு எடுத்து வைக்கறதுலயே பசிச்சவனுக்குப் பங்கு இருக்கு. அது வயலும் மந்தையும் வச்சிருந்தவனுக்குச் சொன்ன கணக்கு. உன் ஆயிரம் விளைச்சல் இல்லம்மா, அது நீ படிக்கறதுக்காகக் கொடுக்கற காசு. அதுல நூறு கொடுக்கலன்னா சாபம்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காத. அதே நேரம், எனக்குன்னு ஒண்ணுமே இல்லன்னும் சொல்லிடாத, ஏன்னா அதுல நீயா முடிவு பண்ணற ஒரு நூறோ அம்பதோ எப்படியும் இருக்கும், எல்லாருக்கும் இருக்கு, ஜிபேயே சொல்லிடுச்சு. பவுல் கொரிந்தியருக்கு எழுதறப்போ, ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால் அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்னு எழுதறார். உள்ளதின்படின்னா உன்னோடதுல இருந்து. மெஸ் பில்லு உன்னோடது இல்ல, ஃபீஸ் உன்னோடது இல்ல, ஃப்ரெண்டுகிட்ட வாங்கின கடன் உன்னோடது இல்ல. அந்த வர்க்கி காசு உன்னோடது. அம்மா அப்பா கையில வாங்கிச் செலவு பண்றவங்களா இருந்தா வீட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டே கொடுங்க, "மாசம் அம்பது இப்படிப் போடறேன்"னு. மறைச்சுக் கொடுக்கறதுல இருந்து பொய்க்கு ஒரே எட்டுதான், அனுபவத்துல சொல்றேன்.

எங்க அம்மா இப்பவும் ஒரு பழமொழி சொல்லுவாங்க, தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்னு. கம்மல் கதைக்கு அப்புறம் அதச் சொல்ல அவங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனா பெரும்பாலான பேர் அத எப்படிப் பயன்படுத்தறாங்கன்னா, "வேலைக்குப் போய் சம்பளம் வந்ததும் கொடுக்க ஆரம்பிக்கறேன்"னு. நானும் அப்படித்தான் நினைச்சேன். படிப்பு முடிஞ்சு கோயம்புத்தூர்ல முதல் வேலை, மாசம் பதினோராயிரம். ரூம் வாடகை, பஸ், அம்மாவுக்கு அனுப்பறது, அப்புறம் ஒரு டச் ஃபோன் இஎம்ஐ, அப்புறம் ஆபீஸ்ல எல்லாரும் வெளிய சாப்பிடறாங்க நாம மட்டும் டிபன் பாக்ஸ் திறக்கறது எப்படின்னு ஒரு வெக்கம், இப்படியே பதினோராயிரமும் போச்சு. அடுத்த வருஷம் பதினாலாயிரம் ஆச்சு, அதுவும் போச்சு. மிஞ்சவே மிஞ்சாது. மிஞ்சறது எவ்வளவுன்னு தீர்மானிக்கறது நம்ம சம்பளம் இல்ல போல, கூடவே அளவு பெருசாகிட்டே போற தட்டு.

மெதடிஸ்ட் சபைங்களுக்கு அஸ்திவாரம் போட்ட ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்ட்ல இருந்த காலத்துல ஒரு ஆளப் பத்திப் பிற்காலத்துல ஒரு பிரசங்கத்துல சொல்லியிருக்கார், அது அவரேதான்னு நிறைய பேர் சொல்றாங்க. வருஷத்துக்கு 30 பவுண்டு வந்தப்போ 28 பவுண்டுல வாழ்ந்துட்டு 2 பவுண்டு கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்துச்சு, அப்பவும் 28-லயே வாழ்ந்துட்டு 32 கொடுத்தார். அப்புறம் 90 வந்தப்போ 62, அதுக்கப்புறம் 120 வந்தப்போ 92. நான் கணக்குக்காரி, இந்த வரிசையப் படிச்சப்போ எனக்கு முதல்ல தெரிஞ்சது அந்தக் கடைசி 92 இல்ல, அசையாம நின்ன அந்த 28-தான். அது ரெண்டு பவுண்டு கொடுத்த வருஷத்துலயே முடிவாயிடுச்சு. இத நான் படிச்சது வேலைக்குப் போய் நாலாவது வருஷம், காலேஜ்லயே யாராவது சொல்லியிருந்தா அந்த ஃபோன வாங்கியிருக்க மாட்டேன்னு சொல்லணும்னு ஆசைதான், வாங்கியிருப்பேன்.

காலேஜ் பசங்க கொடுத்து என்ன ஆகப் போகுதுன்னு கேக்கறவங்களுக்கு எங்க அப்பாயி நாட்டுக் கதை ஒண்ணு இருக்கு. அப்பாயி மலையகம், இது யாழ்ப்பாணம், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் தெரியும், இருந்தாலும். 1900-லயே யாழ்ப்பாணத்து மாணவர்கள் ஒரு மிஷனெரி சங்கம் வச்சு, கடல் தாண்டி நம்ம தொண்டிப் பக்கத்துக்கு ஊழியக்காரர அனுப்பியிருந்தாங்க. தமிழ்ப் பசங்க காசு. 1902-ல அங்க போன வேதநாயகம் சாமுவேல் அசரியா அதப் பார்த்துட்டு, இவ்வளவு பெரிய திருநெல்வேலிச் சபையில இருந்து நாம ஒருத்தரக்கூட வெளிய அனுப்பலையேன்னு கூசிப் போயித்தான் 1903 பிப்ரவரியில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிக்கறதுல முன்ன நின்னார். அப்போ அவருக்கு 28 வயசு. வெள்ளைக்காரங்க காசு வேண்டாம், நம்ம ஆளு, நம்ம பணம்னு வச்சாங்க. அந்தச் சங்கம் தெலுங்கு தேசத்துல தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்புச்சு, பின்னாடி அசரியாவே அங்க போனார், 1912-ல அங்கயே பிஷப்பும் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில இந்தியர் ஒருத்தர் பிஷப் ஆனது அதுதான் முதல். தொண்டிக்கு அனுப்பின பசங்களுக்கு இது எதுவும் தெரிஞ்சிருக்காது, அவங்க அவங்க பங்கப் போட்டாங்க, அவ்வளவுதான்.

விசுவாசம்னு வந்தா உடனே ஜார்ஜ் முல்லர் கதைதான் வரும். பிரிஸ்டல்ல அனாதைப் பிள்ளைங்க, தட்டு காலியா இருக்கு, ஜெபம் பண்றார், ரொட்டிக்காரர் கதவத் தட்டறார். பத்தாயிரம் பிள்ளைங்களுக்கு மேல அவர் காலத்துல வளர்ந்தாங்க, அது உண்மை, சிலிர்க்கத்தான் செய்யும். ஆனா நம்ம மேடைகள்ல பாதிக் கதைதான் சொல்றாங்க. அவர் தனக்கு என்ன தேவைன்னு மனுஷங்ககிட்ட கேக்கறதில்ல, கடன் வாங்கறதில்லன்னு வச்சிருந்தார், அதோட வந்த காசு போன காசு எல்லாத்தையும் வருஷா வருஷம் அறிக்கையா அச்சடிச்சு வெளியிட்டார். மைக்கப் பிடிச்சு காசு கேட்டுட்டு கணக்கு கேட்டா "அபிஷேகம் பண்ணப்பட்டவனத் தொடாதே"ங்கறவங்க முல்லர் பேரச் சொல்றப்போ எனக்குப் பத்திக்கிட்டு வருது. பவுல்கூட எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தத் தனியா எடுத்துட்டுப் போகல, தீத்துவோட இன்னும் சகோதரங்கள அனுப்பறார், இந்தக் காசு விஷயத்துல யாரும் எங்களக் குத்தம் சொல்லிடக் கூடாதுன்னு காரணமும் எழுதறார். விசுவாசத்துக்கும் பில்லு புக்குக்கும் சண்டையே இல்ல.

கடன் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், இது எனக்குத் தெரிஞ்ச வீட்டுல நடந்தது. ஒரு பையன் ஃபோன்ல லோன் ஆப்புல மூவாயிரம் எடுத்து ஒரு பில்டிங் ஃபண்டுக்குப் போட்டான், "கர்த்தர் திருப்பிக் கட்டுவார்"னு. ஒரு மாசத்துல அவன் கான்டாக்ட்ல இருக்கற எல்லாருக்கும் அசிங்கமான மெசேஜ் போச்சு, அவன் அக்கா மாமியார் வரைக்கும். திருப்பிக் கட்டினது அவங்க அப்பா, கேரட் லோடு ஏத்தற மேஸ்திரி. கடன் வாங்கிக் காணிக்கை போடாதீங்க தம்பிங்களா, தங்கச்சிங்களா. போட வேண்டிய தெம்பு இல்லாத மாசம் போடாதீங்க, உங்களுக்கு மதிப்பெண் போட மேல யாரும் உக்காந்திருக்கல. விசனமாயும் கட்டாயமாயும் இல்லாம மனசுல நியமிச்சபடி கொடுங்கன்னுதான் எழுதியிருக்கு. நியமிச்சபடிங்கறத நான் முன்னால கவனிச்சதே இல்ல. கீபோர்டு ஏறறதுக்கு முன்னாடியே, வீட்டுல, வயிறு நிறைஞ்சு தலை தெளிவா இருக்கறப்போ முடிவு பண்றது.

அப்போ விசுவாசம் எங்க வருதுன்னு கேப்பீங்க. எனக்கு அது வந்தது ரொம்பச் சின்னதா. கோயம்புத்தூர்ல நாலாவது வருஷம் அப்பாயி இறந்துட்டாங்க. சாமான ஒதுக்கறப்போ அந்த பால்மா டின் கைக்கு வந்துச்சு, துரு ஏறி, அடியில ஒரு பிடி அரிசி புழுத்துக் கிடந்துச்சு. ரூமுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். அரிசி போட ரூம்ல சமையலே இல்ல, அதனால சம்பளம் வந்த அன்னிக்கே ஐநூறு ரூபாய் எடுத்து டின்னுல போட்டேன். மாசக் கடைசியில இல்ல, முதல்நாள். இருவத்தி மூணாம் தேதி வாக்குல கை வறண்டுடும், டின்னு ஷெல்ஃப்ல உக்காந்திருக்கும், தொடக் கூடாது. அந்த ஏழு நாள்தான் எனக்கு ஜெபம் பண்ணக் கத்துக் கொடுத்துச்சு. "அன்றன்றுள்ள அப்பத்தை"ன்னு சின்ன வயசுல இருந்து சொல்றத, பர்ஸ்ல நாப்பது ரூபாயோட சொல்றப்போ வேற மாதிரி இருக்கு. வானத்துல இருந்து காசு கொட்டல. ஒரு தடவ பக்கத்து ரூம் அக்கா எலுமிச்சச் சாதம் கொடுத்தாங்க, ஒரு தடவ நடந்தே ஆபீஸ் போனேன், ஒரு தடவ நிஜமாவே ஒண்ணும் வரல, பசியோட தூங்கினேன், மறுநாள் சம்பளம். பயம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுச்சு. காசு இல்லாத நாளும் ஒரு நாள்தான், விடிஞ்சு முடியுதுன்னு தெரிஞ்சுச்சு.

டின்னுல இருந்தது எங்க போச்சுன்னா, பாதி சபைக்கு, பாதி ஆளுக்கு. ஆளுக்குன்னா பேர் தெரிஞ்ச ஆளுக்கு. ஆபீஸ் கூட்டற அம்மாவோட பேரனுக்குக் கண்ணாடி, லயத்துல ஒரு தாத்தாவுக்கு மாத்திரை. கொடுக்கறத யாருக்குன்னு தெரிஞ்சு கொடுங்கன்னு நான் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட அடிச்சுச் சொல்லுவேன். அதே நேரம் வாங்கறவங்களுக்கு யார் கொடுத்தான்னு தெரியாம இருந்தா நல்லது, ஒரே கிளாஸ்ல படிக்கறவன் முகத்தப் பார்த்து நன்றி சொல்லிட்டே மூணு வருஷம் இருக்கறது கஷ்டம்.

அந்தத் தங்கச்சி நம்பர ஃபெல்லோஷிப் லீடர்கிட்ட வாங்கி, இதுல பாதிய வாய்ஸ் நோட்டா அனுப்பினேன், நாலு வாய்ஸ் நோட்டு, பாவம். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. "அக்கா, தசமபாகம் இல்ல. மாசம் அறுபது ரூபாய். வீட்டுல சொல்லிட்டேன். அம்மா சிரிச்சாங்க." அவ்வளவுதான் மெசேஜ்.

போன சனிக்கிழமை மறுபடியும் போயிருந்தேன், பேச இல்ல, சும்மா. ஜன்னல் ஓரத்துல ஒரு பிஸ்கட் டின், மூடியில அருவாமனையில கீறின மாதிரி ஒரு ஓட்டை. யார் எவ்வளவு போடறாங்கன்னு யாரும் பார்க்கறதில்ல, மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு பேரா சேர்ந்துதான் எண்ணணும்னு வச்சிருக்காங்க. பக்கத்துல ஒரு நாப்பது பக்க நோட்டு, அந்தத் தங்கச்சி கையெழுத்து. எனக்குக் கை சும்மா இருக்குமா, எடுத்து டோட்டல் பார்த்தேன். வரவு 1,185. செலவுல, மெஸ் பாக்கி ஒருத்தருக்கு 700, ரெக்கார்டு நோட்டு 60, ரெயின்கோட் 380, பாக்கி 45. கணக்கு சரியா இருந்துச்சு. ரெயின்கோட் மட்டும் இன்னும் அங்கயே மூலையில கவரோட மடிச்சு வச்சிருந்துச்சு, புது வாசனை போகல. யாருக்குன்னு நான் கேக்கல. வெளிய தூறல் பிடிச்சிருந்துச்சு, அத யார் மூலமா கொடுத்தா அவனுக்குச் சந்தேகம் வராதுன்னு நாலு பேர் குசுகுசுன்னு பேசிட்டு இருந்தாங்க, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு.